தங்கச்சிக்கு, லண்டனிலிருந்து அக்கா எழுதுவது

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி? மகள் உயர்தரப் (ஏ.எல்.) படிப்பைத் தொடங்கிவிட்டாளா?

போன கிழமை போனில் "இந்த வயதில என்னத்துக்கு அக்கா படிப்பு?" என்று கேட்டாய். வேலை இடைவேளையில் அதற்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

நான் படிக்கிற பேர்க்பெக் கல்லூரி லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வேலை செய்கிற சனங்களும் படிக்கவேண்டும் என்று 1823ல் தொடங்கியது. இன்றும் பெரும்பாலான வகுப்புகள் பின்னேரம் 6 மணிக்கு மேல்தான். முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்து, வீட்டுக்கு வந்து குளித்து, ஈஸ்ட்ஹாமில் ரெயில் ஏறினால் யூஸ்டன் ஸ்குவேர் வரை ஒரே ரெயில். மறுகா கொஞ்சத் தூரம் நடை. வகுப்பில் பஸ் ஓட்டுகிறவர் இருக்கிறார், தாதி இருக்கிறார், பேரப்பிள்ளை கண்டவரும் இருக்கிறார். யாரும் யாருடைய வயதையும் கேட்பதில்லை. ஏ.எல். முடிக்காதவர்களுக்கு முதலில் ஓர் அடிப்படை ஆண்டு உண்டு. நானும் அந்த வழியால்தான் வந்தேன்.

காசுக்குக் கஷ்டப்படுகிறேன் என்று யோசிக்காதே. படிப்புக் கட்டணத்துக்கு அரசாங்கம் கடன் தருகிறது, அதற்கு வயதெல்லை இல்லை. வருடத்துக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைத்தால், மேலே வருகிற காசில் நூற்றுக்கு 9 கழிப்பார்கள். அதற்குக் குறைவாக உழைத்தால் ஒன்றும் கட்டத் தேவையில்லை.

கஷ்டம் கட்டுரை எழுதுவதில்தான். நாங்கள் பள்ளிக்கூடத்தில் நோட்ஸைப் பாடமாக்கி அப்படியே எழுதிப் பழகினவர்கள். இங்கே ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு பேர் எழுதியதை வாசித்து, யார் சொல்வது பொருந்துகிறது, ஏன் பொருந்துகிறது என்று எழுதவேண்டும். விடியப்புறம் எழும்பி, குசினி மேசையில் இருந்துதான் எழுதுகிறேன்.

ஒருநாள் குடும்பமும் சொத்தும் பற்றிய வகுப்பு. "உங்கள் வீடுகளில் வீடு யாருக்குப் போகும்?" என்று விரிவுரையாளர் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். நான், "எங்கள் ஊரில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்கிற வம்சமும் தாய்வழியாகத்தான் வரும்" என்றேன். அந்த மனிசி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, இன்னும் சொல்லுங்கள் என்றார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அடுத்த மகளுக்கு வீடு கட்டுவது, கோயில் திருவிழாவில் குடிகளுக்கு இருக்கிற உரிமை, எல்லாம் சொன்னேன். மறுகிழமை அவர் வாசிக்கத் தந்ததைப் பார்த்தால், டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் எழுதியது. 1969ல் எங்கள் கிழக்குக் கரையில் உள்ள அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி, எங்கள் சனங்களின் குடிமுறையை ஆராய்ந்தவர். லண்டன் நூலகத்தில் இருந்து அக்கரைப்பற்றைப் பற்றி வாசிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் தெரியும். ஆனால் அவர் வாய்வழியாகச் சொல்லித் தந்தது இங்கே பாடமாக இருக்கிறது. எனக்கென்று கட்டின வீட்டில் நீ அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்றும் அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது.

90ல் சண்டையால் எங்கள் படிப்பு நின்றது ஞாபகம் இருக்கும். நான் போய்ப் படிக்க ஆசைப்பட்ட வந்தாறுமூலைப் பல்கலைக்கழகமே அந்த வருடம் அகதி முகாமானது. எனக்கு மூளை இல்லாமலோ விருப்பம் இல்லாமலோ படிப்பு நிற்கவில்லை. உனக்கும் அப்படித்தான். அதனால்தான் வயது போய்விட்டது என்று நீ சொல்லும்போது எனக்கு மனது கேட்பதில்லை.

நம்ம காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920ல் இதே லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.சி. பரீட்சையில் தேறியவர். துறவியாகுமுன், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே, லண்டனுக்கு வராமலே படித்தார். நீ படிப்பதற்கும் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. முன்பள்ளிக் கல்விக்கென்றே அங்கே சான்றிதழ்க் கற்கைநெறி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமாக முன்பள்ளிப் பிள்ளைகளோடு நிற்கிற உனக்கு அதில் பாதி தெரிந்ததாகத்தான் இருக்கும். ஏ.எல். இல்லாதவர்கள் பட்டப்படிப்புக்குப் போக அடித்தளக் கற்கைநெறிகளும் உண்டு.

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய் விசாரித்துப் பார். விண்ணப்பம் எப்போது கோருவார்கள், எந்த மொழியில் படிக்கலாம், வகுப்பு எந்தெந்த நாள் என்று மூன்றையும் கேட்டு எழுது. சாதாரண தரச் (ஓ.எல்.) சான்றிதழைத் தேடி எடுத்துப் போட்டோப் பிரதி போட்டு வை. கட்டணத்துக்கு நான் காசு அனுப்புகிறேன். வகுப்பு நாட்களில் அம்மாவோடு நிற்கச் சொல்லி மாமியிடம் நானே கதைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா