ஷோரூம் விலைக்கு மேல் வாங்கிய ரூ.68,400: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
முந்திரி வியாபாரி,
செம்மண்டலம், கடலூர் – 1.
(பெயர், கைப்பேசி எண், புக்கிங் எண், சேஸிஸ் எண் ஆகியவை தனித்தாளில்)

பெறுநர்
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கார் நிறுவனத் தலைமை அலுவலகம்.

நாள்: 9-2-2026

பொருள்: கடலூர் ஷோரூமில் அறிவித்த விலைக்கு மேல் கட்டாயமாக வசூலித்த ரூ.68,400-ஐத் திருப்பித் தரக் கோருதல். புக்கிங் வரிசை விவரம் கேட்டல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் காரை தை மாதம் டெலிவரி எடுத்தேன். வண்டியில் குறை ஒன்றுமில்லை. ஏசி, மைலேஜ் இரண்டும் திருப்தி. சாவியைக் கையில் கொடுப்பதற்கு ஷோரூம்காரர்கள் வாங்கிய அதிகப்படிக் காசுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் பெட்ரோல் வண்டிக்கு 28 சதவீதமும் மேலே 1 சதவீத செஸ்ஸும் இருந்தன. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் வரும் இந்த மாடலுக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. தாங்கள் அதை முழுசாகவே கொடுத்தீர்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ரூ.10,75,000 ஆக இருந்த வேரியன்ட் ரூ.9,83,000-க்கு வந்தது. தமிழ்நாட்டில் இதனால் இன்னொரு மிச்சமும் உண்டு. 2023 நவம்பரில் மாற்றிய சாலை வரிப்படி, ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் இருக்கிற புதுக் காருக்கு 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18. இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் அந்த வேரியன்ட்டையே தேர்ந்தெடுத்து, ஆயுத பூஜை வாரத்தில் தங்கள் ஆப் வழியாக ரூ.11,000 கட்டி புக் செய்தேன். பணம் போனது தங்கள் கணக்குக்கு. ரசீதில் இருப்பதும் தங்கள் பெயர்தான்.

எட்டு முதல் பத்து வாரம் என்று ஆப்பில் காட்டியது. தீபாவளி போனது, கார்த்திகை தீபமும் போனது. கேட்கும்போதெல்லாம் "கம்பெனியிலிருந்தே வரல சார்" என்ற ஒரே பதில். பிறகு ஒருநாள் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் தம்பி அவராகவே போன் செய்தார். டாப் எண்ட் ரெடி ஸ்டாக்கில் இருக்கிறதாம், நாளைக்கே எடுத்துக்கொள்ளலாமாம். டாப் எண்ட் என்றால் பதினொரு லட்சத்துக்கு மேல். வரியும் 18 சதவீதத்துக்குப் போய்விடும். வேண்டாம், புக் செய்ததே போதும் என்றேன். "அப்ப கிட் போட்டுக்குங்க சார், முன்னாடி தள்ளிடலாம்" என்றார்.

அந்த கிட் என்னவென்று பார்க்க நேரில் போனேன். கொட்டேஷன் தாளை மேசையில் வைத்தார். எக்ஸ் ஷோரூம் (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத வண்டி விலை), சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் எல்லாம் கம்ப்யூட்டரில் அச்சானவை. அதற்குக் கீழே வெற்றிடத்தில் பால்பாயின்ட் பேனாவால் '46.5' என்று எழுதி ஒரு வட்டம். ரூபாயா ஆயிரமா என்றுகூட இல்லை. என்ன இது என்று கேட்டதும் லேமினேட் செய்த ஓர் அட்டையை எடுத்தார். ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், சீட் கவர், டோர் வைசர், பாடி கவர், குரோம் பட்டை, கழுத்துத் தலையணை இரண்டு, டெஃப்லான் கோட்டிங், அடிப்பாகத்துக்கு ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங். இதில் மேட்டும் மட் ஃப்ளாப்பும் எனக்கு வேண்டும், அதை மட்டும் போடுங்கள் என்றேன். தனித்தனியாகக் கிடையாதாம், மொத்தமாகத்தான் எடுக்க வேண்டுமாம். கோட்டிங் எதற்கு என்றால், "கடல் காத்து சார், ரெண்டு வருஷத்துல துரு புடிச்சிரும்." கடல் காற்றுக்குத் தாங்காத வண்டியையா தாங்கள் கடலூரில் விற்கிறீர்கள்? அந்தத் தம்பியிடம் கேட்டேன், சிரித்தார். தாங்கள் பதில் சொன்னால் தேவலை.

கிட் வேண்டாமென்றால் என்ன ஆகும் என்று மேனேஜரிடம் கேட்டேன். வண்டி கிடைக்காது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஒண்ணும் ஆகாது சார், வரும்போது வரும்" என்றார். அது உண்மையில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். நெல்லிக்குப்பத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இதே வேரியன்ட், இதே வெள்ளை நிறம், இதே ஷோரூமில் தீபாவளிக்குப் பிறகு புக் செய்து, கார்த்திகை மாதமே எடுத்துவிட்டார். அவர் எடுத்தது முழு கிட், ஷோரூம் இன்சூரன்ஸ். எனக்குப் பின்னால் நின்றவர் எனக்கு முன்னால் போனார் என்றால், தங்கள் ஆப்பில் தெரிகிற வரிசைக்கு என்ன அர்த்தம்?

நடுவில் ஷோரூமிலிருந்தே இன்னொரு யோசனையும் வந்தது. புதுச்சேரியில் யாராவது சொந்தக்காரர் அட்ரஸ் இருந்தால் புதுச்சேரிப் பதிவான பி.ஒய். நம்பர் வாங்கிக்கொள்ளலாமாம், அங்கே வரி குறைவு, மிச்சமாகிற காசில் கிட் வந்துவிடுமாம். புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் வேறு வரி என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் கடலூரில் குடியிருந்து கடலூரில் ஓட்டுகிற வண்டிக்குப் பொய் முகவரி கொடுக்கச் சொல்லி, தங்கள் பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் ஆலோசனை தருகிறார். கடலூர் நம்பரான டி.என். 31-தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

இன்சூரன்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோது இங்கே என்ன ஆனது என்பது செய்தி பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசியில் பைசா வராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். ஆகவே அதில் நான் கறார். ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் எஞ்சின் பாதுகாப்பு, ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் சேர்க்கை) இரண்டையும் சேர்த்து, மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீட்டோடு பார்த்தேன். ரூ.38,400 வந்தது. ஷோரூம் கொடுத்ததும் அதே நிறுவனத்தின் பாலிசி, அதே மதிப்பு, அதே சேர்க்கைகள். தொகை மட்டும் ரூ.51,800. வெளியில் எடுத்தால் ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ், அதாவது பழுதுச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே நேராகக் கட்டும் வசதி, கிடைக்காது என்றார்கள். கேஷ்லெஸ் என்பது காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம், பாலிசியை யார் விற்றார் என்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. டீலர்கள் மூலம் வாகனக் காப்பீடு விற்பதற்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த விதிமுறைகள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தன் வழியாகத்தான் பாலிசி எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

இவை போக ரூ.8,500 'ஹேண்ட்லிங்'. வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியது. அந்த விலையைக் கட்டியவரிடம் மறுபடியும் எதைக் கையாண்டதற்குக் கூலி?

ஆக கிட் 46,500, இன்சூரன்ஸில் கூடுதல் 13,400, ஹேண்ட்லிங் 8,500. மொத்தம் ரூ.68,400. ஜிஎஸ்டியில் எனக்குக் குறைந்தது தொண்ணூற்றிரண்டாயிரம். அரசு விட்டுக்கொடுத்ததில் முக்கால் பங்கை ஷோரூம் எடுத்துக்கொண்டது. எக்ஸ்டெண்டட் வாரண்டி நானாகக் கேட்டு வாங்கியது, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பழைய வண்டியை ஏற்கெனவே விற்றுவிட்டேன், தினமும் பண்ருட்டிக்குப் போய்வர வேண்டும், அதனால் கட்டினேன். ஆனால் டெலிவரி அன்று ஆக்சஸரீஸ் பில்லில் கையெழுத்து கேட்டபோது, அதன் மேலேயே "விருப்பமின்றி, கட்டாயத்தின் பேரில் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேனேஜர் அதைப் பார்த்ததும் முகம் மாறி, "பிரிண்ட் சரியா வரல சார்" என்று தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுத்துவந்தார். ரிப்பன், கேக், பூச்செண்டு என்று போட்டோவுக்காக எல்லாம் தயாராக நின்ற நேரம். என் மகள் முதல் தாளை அதற்குள் செல்போனில் படமெடுத்திருந்தாள். அந்தப் படம் இணைப்பில் இருக்கிறது.

தாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தங்களுக்கு வந்து சேரும் வண்டி இன்வாய்ஸில் ரூ.9,83,000 மட்டுமே இருக்கும். கிட்டுக்குத் தனி பில், இன்சூரன்ஸுக்குத் தனி ரசீது, ஹேண்ட்லிங்குக்கு ஷோரூம் முத்திரை போட்ட ஒரு துண்டுச் சீட்டு. தங்கள் கணினியில் பார்த்தால் எல்லாம் சுத்தமாகவே தெரியும். அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் சொன்னபோது, அங்கேயும் கிராக்கியுள்ள மாடல்களுக்கு டீலர்கள் மேலே வைத்துக் கேட்பதாகச் சொன்னான். ஆனால் 1958-இல் வந்த சட்டப்படி நிறுவனம் பரிந்துரைக்கும் விலை வண்டிக் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்க வேண்டுமாம். டீலர் கூடுதலாகக் கேட்டால் பக்கத்திலேயே 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று இன்னொரு தாளை ஒட்டிக் கேட்பார்களாம். அதுவும் பகல் கொள்ளைதான், ஆனால் எவ்வளவு என்று வாங்குபவருக்கு உள்ளே நுழையும்போதே தெரிந்துவிடுகிறது. இங்கே கழுத்துத் தலையணைக்குள் ஒளித்து வைக்கிறார்கள்.

கிராக்கி இருந்தால் விலை ஏறும் என்பது எனக்குப் புரியாததல்ல. முந்திரி வியாபாரத்தில் இருக்கிறேன், விளைச்சல் குறைந்த வருடம் மூட்டை விலை ஏறத்தான் செய்யும். ஆனால் விலை பேசி முன்பணம் வாங்கிய மூட்டைக்கு, லோடு ஏற்றும்போது சாக்குக்கும் சணலுக்கும் தனிக்காசு கேட்டால் அந்த வியாபாரி பண்ருட்டி மண்டியில் மறுபடி தலைகாட்ட முடியாது. விலையை உயர்த்த வேண்டுமானால் தாங்கள் வெளிப்படையாக உயர்த்துங்கள். வாங்குவதா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.

டீலர் தனி நிறுவனம், அவர் வைக்கும் விலையில் தாங்கள் தலையிட முடியாது என்ற பதில் வரக்கூடும். தங்கள் கால் சென்டரில் ஏற்கெனவே ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் இன்னொரு பெரிய கார் நிறுவனத்துக்கு ரூ.200 கோடி அபராதம் விதித்தது. காரணம், தான் அனுமதித்த அளவுக்கு மேல் டீலர்கள் தள்ளுபடி கொடுக்காமல் அந்த நிறுவனம் கட்டுப்படுத்தியது. வாடிக்கையாளர் போல ஆளை அனுப்பி வேவு பார்த்தார்கள் என்றெல்லாம் அந்த உத்தரவில் இருக்கிறது. அந்த நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. டீலர் குறைத்து விற்றால் கண்டுபிடிக்க இந்தத் தொழிலில் வழி இருக்கிறது என்றால், கூட்டி விற்றால் கண்டுபிடிக்கவும் அதே வழி போதும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(41), ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொரு பொருளையோ சேவையையோ வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனையைக் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. என் விஷயம் அதற்குள் அப்படியே பொருந்துகிறது. மேட்டும் மட் ஃப்ளாப்பும் நான் கேட்டவை, அவற்றுக்குத் தங்கள் விலைப்பட்டியலில் உள்ள தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும்படி கேட்கிறேன். கழுத்துத் தலையணை, சீட் கவர், பாடி கவர் மூன்றும் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம். கோட்டிங்கை மட்டும் உரித்துத் தர முடியாது.

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை விவரம். என் புக்கிங்குக்கு வண்டி எந்தத் தேதியில் ஒதுக்கப்பட்டது, அந்த சேஸிஸ் எண் கொண்ட வண்டி தொழிற்சாலையிலிருந்து எப்போது கிளம்பி ஷோரூமுக்கு எப்போது வந்தது, நான் புக் செய்த பிறகு இதே வேரியன்ட்டை புக் செய்தவர்களில் எத்தனை பேருக்கு எனக்கு முன் கொடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். யார் பெயரும் வேண்டாம், தேதிகள் போதும். இவை தங்கள் கணினியில் இருக்கும், ஷோரூமைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆக்சஸரீஸும் இன்சூரன்ஸும் கட்டாயமில்லை என்று தமிழில் ஓர் அறிவிப்பைத் தங்கள் பெயரில் அந்த ஷோரூம் கேஷ் கவுன்டரில் வைக்கச் சொல்லவும். சேல்ஸ் தம்பியை வேலையை விட்டு நிறுத்திவிட்டு விவகாரத்தை முடித்துக்கொள்ள வேண்டாம். மாதத்துக்கு இத்தனை கிட் விற்க வேண்டும் என்று அவருக்கு டார்கெட் வைத்தது யாரோ, அங்கே பாருங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தங்களையும் ஷோரூமையும் சேர்த்து மனு போடுவேன். வாங்குபவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் அனுமதிக்கிறது, கட்டணமும் சில நூறு ரூபாய்தான்.

முதல் இலவச சர்வீஸ் நெருங்குகிறது. அதே ஷோரூமில் வண்டியை விட எனக்கு விருப்பமில்லை. புதுச்சேரியில் உள்ள தங்கள் வேறு டீலரிடம் விட்டால் வாரண்டிக்குப் பாதகம் வராது என்பதையும் பதிலிலேயே உறுதி செய்யவும்.

இப்படிக்கு,
செம்மண்டலம் வாடிக்கையாளர்

இணைப்பு: புக்கிங் ரசீது, பேனாவால் எழுதிய கொட்டேஷன், வண்டி இன்வாய்ஸ், ஆக்சஸரீஸ் பில் (கிழித்ததன் படமும் மாற்றித் தந்ததும்), பாலிசி நகல், இணையதளத்தில் எடுத்த காப்பீட்டுக் கணக்கு, ஹேண்ட்லிங் சீட்டு.