பியானோ இல்லாத கச்சேரி: இசை ரசிகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு கலைஞர் என்று ஓடிக்கொண்டே இருக்கிறோம், ஒருவரையாவது உருப்படியாகக் கேட்டிருக்கிறோமா என்று சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். அதை ஏற்று, இந்த ஆண்டு முழுக்க ஒரே வாத்தியம், ஒரே ஆள் என்று செயற்குழு முடிவு செய்தது. வாத்தியம் டெனர் சாக்ஸஃபோன். ஆள் அமெரிக்க ஜாஸ் கலைஞர் சன்னி ராலின்ஸ். இன்னொரு டெனர் கலைஞரான ஜான் கோல்ட்ரேன்தான் வேண்டும் என்று ஒரு கோஷ்டி நின்று, இரண்டே வாக்கில் தோற்றது. அந்தக் கோஷ்டியில் நானும் இருந்தேன்.

பன்னிரண்டு கேட்பு அமர்வுகள் திட்டமிட்டு ஒன்பது நடத்தினோம். இரண்டுக்கு அரங்கு கிடைக்கவில்லை. ஒன்றுக்கு அறிவிப்பு அனுப்ப நான் மறந்துவிட்டேன்.

முதல் அமர்வு வாத்தியத்தைப் பற்றியது. பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், 1846இல் பாரிசில் காப்புரிமை வாங்கியது. உடம்பு பித்தளையாக இருந்தும் மரக்குழல் வாத்தியங்களோடு இதை ஏன் சேர்க்கிறார்கள் என்ற கேள்வியே அரை மணி நேரத்தை விழுங்கியது. ஒலி பிறப்பது மவுத்பீஸில் பிடித்து வைத்த நாணல் பட்டையில். நாதஸ்வரத்துச் சீவாளிக்கு நாக்கு இரண்டு, இதற்கு ஒன்று என்று ஒருவர் சொன்ன பிறகுதான் பேச்சு அடங்கியது. கத்ரி கோபால்நாத் பேச்சு வராமல் இருக்குமா? அவர் கையில் இருந்தது டெனரைவிடச் சிறிய ஆல்ட்டோ சாக்ஸஃபோன், வாசித்தது கர்நாடக சங்கீதம். ஜாஸ் ஆல்ட்டோ கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து அவர் வாசித்து 2008இல் வெளிவந்த இசைத்தட்டை, தலைப்பை மீறித்தான் என்றாலும், முழுதாகப் போட்டுக் கேட்டோம்.

ராலின்ஸ் 1930இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். ஆல்ட்டோவில் தொடங்கி, டெனர் மேதை கோல்மன் ஹாக்கின்ஸ் மேலிருந்த பித்தால் பதினாறு வயதில் டெனருக்கு வந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் ஹெராயின், சிறை எல்லாம் உண்டு. 1955இல் கெண்டக்கியின் லெக்சிங்டனில் சிகிச்சை எடுத்து மீண்டார். அதே ஆண்டின் கடைசியில் டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுனும் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சும் நடத்திய குழுவில் சேர்ந்தார். அடுத்த ஜூனில் பிரவுன் கார் விபத்தில் இறந்துபோனார். இந்தப் பகுதியை நாம் வேகமாகத் தாண்டிவிட்டோம் என்று இப்போது தோன்றுகிறது.

நின்று பேசியது பாலத்தைப் பற்றி. 1959இல், பெயர் உச்சத்தில் இருக்கும்போது, அவர் கச்சேரிகளை நிறுத்திவிட்டார். தன் வாசிப்பு தனக்கே போதவில்லை என்பதுதான் காரணம். வீட்டில் சாதகம் செய்யலாமென்றால் அக்கம்பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண். அதனால் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்து நடைபாதைக்குப் போனார். சில நாள் பதினைந்து மணி நேரம் வரைகூட வாசித்திருக்கிறார். 1961 கடைசியில் மேடைக்குத் திரும்பினார். புதுப் பாணியோடு வருவார் என்று காத்திருந்தவர்களில் பலருக்கு ஏமாற்றம். ஆள் கிட்டத்தட்ட அதே ஆள்தான். "அப்ப அந்த ரெண்டு வருஷம் எதுக்கு?" என்று அமர்வில் ஒரு இளம் உறுப்பினர் கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. அடுத்த பொருளுக்குப் போகலாம் என்று நான்தான் சமாளித்தேன்.

சரி, ஆண்டின் முக்கிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். கச்சேரி செய்தவர் நம் உறுப்பினரே. தன் பெயரை அறிக்கையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் 'நம் வாத்தியக்காரர்' என்றே எழுதுகிறேன். பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேரோடு வந்திருந்தார்.

நடந்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். அரங்கத்துப் பியானோவைச் சுருதி சேர்க்க ஆள் சொல்லும் பொறுப்பு என்னுடையது. சொல்லியாயிற்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மாலை ஒத்திகையில்தான் குட்டு உடைந்தது. சாக்ஸில் மவுத்பீஸைக் கொஞ்சம் உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ சுருதியைச் சரிக்கட்டலாம். ஆனால் பியானோ தனக்குள்ளேயே ஒத்துப்போகாவிட்டால் எதற்கு ஈடுகொடுப்பது? பியானோக்காரர் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு மூடியைச் சாத்தினார்.

நம் வாத்தியக்காரர் என்னைத் திட்டவில்லை. "வில்லேஜ் வேன்கார்ட் கேட்டீங்கல்ல, அதை இன்னிக்கு நேர்ல கேளுங்க" என்றார். 1957 நவம்பர் 3 அன்று நியூயார்க்கின் அந்த நிலவறை கிளப்பில் ராலின்ஸ் பியானோவே இல்லாமல், பேஸும் டிரம்ஸும் மட்டும் வைத்து வாசித்ததை ஆறாம் அமர்வில் கேட்டிருந்தோம். இரவு வாசிப்பில் பேஸ் வில்பர் வேர், டிரம்ஸ் எல்வின் ஜோன்ஸ். அன்று அது அவராக எடுத்த முடிவு. நமக்கு என் மறதி.

பியானோக்காரர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அது என் பாக்கியம். முதல் உருப்படி பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று கொண்ட அமைப்பு திரும்பத் திரும்ப வருவது. "இங்க கார்டு மாறிடுச்சு. யாரும் வாசிக்கல, ஆனா கேக்குது பாருங்க" என்று காதோரம் சொன்னார். கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள், வழக்கமாகப் பியானோ வாசிப்பது. பேஸ் அடிஸ்வரத்தைக் காட்டிவிட்டு நடக்கிறது, சாக்ஸ் அந்தக் கார்டின் மற்ற ஸ்வரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுப் போகிறது. நடுவில் இருக்கும் வெற்றிடத்தை நம் காதே நிரப்பிக்கொள்கிறது. நான்காவது சுற்றில் எனக்கும் பிடிபட்டது. பியானோ இருந்திருந்தால் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன்.

முதல் தனி வாசிப்பு முடிந்து நம் வாத்தியக்காரர் பின்னால் நகர்ந்தபோது அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. பாட்டு முடியாமல் கைதட்டலாமா என்ற சந்தேகம் நமக்கு. பிடிக்கவில்லையோ என்ற சந்தேகம் அவருக்கு. ஜாஸில் ஒவ்வொரு தனிக்கும் தட்டலாம் என்பதை ஒன்பது அமர்வுகளில் ஒன்றிலாவது சொல்லியிருக்க வேண்டும். பின்வரிசையில் யாரோ தொடங்கிக் காப்பாற்றினார். அப்புறம் சாக்ஸும் டிரம்ஸும் நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசித்தபோது, தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய கைகள் தாமாகவே தாளம் போடத் தொடங்கிவிட்டன.

இடைவேளைக்குப் பின் வாத்தியக்காரர் தன் கதையைச் சொன்னார். பள்ளி பேண்டில் கிளாரினெட், பத்தொன்பது வயதில் கடன் வாங்கிய டெனர், பகலில் கணக்கு வேலை. தன் கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்டபோது, எந்தப் பாட்டானாலும் அதே ஐந்தாறு சங்கதிகளை விரல் தானாக வாசித்துக்கொண்டிருந்தது தெரிந்ததாம். அன்றே மேடையை விட்டார். பக்கத்து வீட்டுப் புகாரால் காரைத் தள்ளி நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு ஆண்டுகள் உள்ளே உட்கார்ந்து சாதகம். பெரும்பாலும் நீண்ட ஒற்றை ஸ்வரங்கள்தான். திரும்பி வந்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார். "எனக்குத் தெரிஞ்சுது. எப்ப வாசிக்காம இருக்கணும்னு தெரிஞ்சுது." கேள்வி கேட்ட இளம் உறுப்பினர் மூன்றாம் வரிசையில்தான் இருந்தார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலகத்திலிருந்து போன நான்கு இசைத்தட்டுகள் இன்னும் திரும்பவில்லை, எடுத்தவர்களுக்குத் தெரியும். ஒலிபெருக்கியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னபோது முகம் கோணாமல் குறைத்த ஒலியமைப்பாளருக்கும், சம்பளம் வாங்காமல் எனக்குப் பாடம் நடத்திய பியானோக்காரருக்கும் சங்கத்தின் நன்றி.

பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, அடுத்த ஆண்டு நிகழ்ச்சிகளைப் பன்னிரண்டிலிருந்து ஆறாகக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்பு அதே இசையை இரண்டு முறை கூடிக் கேட்பது. செயற்குழுவில் பாதிப் பேருக்கு இதில் உடன்பாடில்லை, விவாதிக்கலாம். இரண்டு, பியானோவைச் சுருதி சேர்க்கும் பொறுப்பைச் செயலாளரிடமிருந்து எடுத்துவிடுவது. இதற்கு யாரும் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்று நம்பி, அறிக்கையை ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்