குவார்ட்டர்பேக்கைத் தோள் வலுவில் தேடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஃபிளாக் ஃபுட்பால் (முட்டை வடிவப் பந்தில் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் மோதலில்லாத வடிவம்) இடம்பெறுவது பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கிரிக்கெட்டுக்குக் கதவைத் திறந்த அதே நாளில்தான் இந்த ஆட்டத்துக்கும் திறந்தது. கிரிக்கெட்டைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். இதைத் தாங்கள் எழுதியதற்கு நன்றி. ஆனால் தூரமாக எறியும் தோள் இருந்தால் குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கித் தன் அணியினருக்கு எறிபவர்) தயார் என்ற தொனி கட்டுரையில் இருந்தது. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் அணி தொடங்க நினைக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் அதை நம்பி, கல்லூரியின் வேகப்பந்து வீச்சாளரைக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஆட்டத்தின் கணக்கு. பக்கத்துக்கு 5 பேர். களம் 25 கெஜம் அகலம். கோல் பகுதிகளையும் சேர்த்து 70 கெஜம் நீளம் (நம் ஜவுளிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி). மோதித் தள்ளுவது, கட்டிப் பிடிப்பது கிடையாது. பந்து வைத்திருப்பவரின் இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் அந்த முயற்சி அங்கேயே முடிந்துவிடும். நான்கு முயற்சிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும், அடுத்த நான்கில் கோல் பகுதிக்குள் போக வேண்டும். சென்டரிடமிருந்து (பந்தைப் பின்னால் கொடுத்து முயற்சியைத் தொடங்குபவர்) பந்தை வாங்கும் குவார்ட்டர்பேக், முயற்சி தொடங்கும் கோட்டைத் தானே தாண்டி ஓடக் கூடாது. அவரை நோக்கிப் பாயும் எதிரணி வீரர் கோட்டிலிருந்து 7 கெஜம் தள்ளி நின்றுதான் கிளம்புவார். குவார்ட்டர்பேக் கோட்டுக்குப் பின்னால் 5 கெஜத்தில் நின்றால் இடைவெளி 12 கெஜம், அதாவது 11 மீட்டர். நன்றாக ஓடும் பையனுக்கு இரண்டு விநாடி போதும். ஆகவே பந்து கைக்கு வந்து, பார்த்து, முடிவெடுத்து, கையை விட்டுப் போக இரண்டு, இரண்டரை விநாடிதான் இருக்கிறது. இதில் தோள் வலு செய்யும் வேலை கடைசிக் கால் விநாடிக்குத்தான்.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமும் இதையேதான் காட்டுகிறது. குவார்ட்டர்பேக் ஜோ மான்டானாவின் தோள் போதாது என்று பலர் சொன்னார்கள். அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களை எடுக்கும் 1979 தேர்வில் மூன்றாம் சுற்று வரை அவரை யாரும் எடுக்கவில்லை. அந்த லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை நான்கு முறை ஆடி நான்கையும் வென்றார். அந்த நான்கிலும் சேர்த்து 122 முறை எறிந்ததில் ஒன்றுகூட எதிரணி கைக்குப் போகவில்லை. இன்னொரு குவார்ட்டர்பேக் டாம் பிராடி 2000-ல் 199-வது ஆளாகத் தேர்வானார். ஏழு சூப்பர் பவுல் வென்றார். இருவரிடமும் இருந்தது நேரத்துக்கு வந்து ஊன்றும் கால், சரியான ஆளைத் தேடிப் போகும் கண்.

அப்படியானால் நம்மிடம் யாரைப் பார்ப்பது? எங்கள் யோசனை, எறிபந்து ஆடும் பெண்களும், வாலிபாலில் அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர்களும். எறிபந்தில் பிடித்த பந்தை 3 விநாடிக்குள், தோளுக்கு மேலிருந்து எறிந்தாக வேண்டும். பிடிக்கும்போதே எதிர்ப்பக்கம் எங்கே காலி என்று பார்த்து வைக்கும் பழக்கம் அந்தப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் தனிப் போட்டி உண்டு என்பதால் இது வெறும் ஒப்புமையும் அல்ல. செட்டர் பந்து தன்னிடம் வருமுன்பே தடுப்பு எங்கே எழும்புகிறது என்று பார்த்து, அடிக்கும் ஸ்பைக்கர் போய்ச் சேரப்போகும் இடத்துக்குப் பந்தை அனுப்புகிறவர். ஆள் இருக்கும் இடத்துக்கு அல்ல, ஆள் வரப்போகும் இடத்துக்கு. குவார்ட்டர்பேக்கின் வேலையும் அதேதான்.

வேகப்பந்து வீச்சாளருக்கும் எல்லைக்கோட்டில் நிற்கும் ஃபீல்டருக்கும் தோள் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் பழக்கம் நீண்ட சுற்று: கையைக் கீழே இறக்கி, பின்னால் கொண்டுபோய், ஒரு துள்ளல் வைத்து எறிவது. இங்கே அதற்கு நேரமில்லை. பந்து இரண்டு கையிலும் மார்புக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அங்கிருந்து நேரே காதுப் பக்கம் ஏறி வெளியே போக வேண்டும். இதைத் திருத்துவதற்கே ஒரு பருவம் ஆகும்.

பிடி: பந்தின் தையல் கயிற்றில் மோதிர விரலும் சுண்டுவிரலும் பதிய வேண்டும். ஆள்காட்டி விரல் முனைப் பக்கம் நீள வேண்டும். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். உள்ளங்கையோடு அமுக்கிப் பிடித்தால் பந்து சுழலாமல் தள்ளாடிப் போகும். தொழில்முறைப் பந்து 11 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் நீளம், எடை ஏறக்குறைய 400 கிராம். பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு அது அடங்காது; அவர்களுக்கென்றே சிறிய அளவுகள் உண்டு, அதை வாங்குங்கள். பெரிய பந்தில் பழகும் பிள்ளை முழங்கையை இறக்கித் தள்ளக் கற்றுக்கொள்ளும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

கால்: கோலமாவு ஒரு பொட்டலம் போதும். வலக்கை ஆட்டக்காரருக்கு வலது, இடது, வலது என்று பின்வாங்கும் மூன்று அடிக்கும் மண்ணில் குறி போடுங்கள். மூன்றாவது அடி ஊன்றும்போது எடை உள்ளங்காலின் உள்பக்கத்தில் இருக்க வேண்டும், குதிகாலில் அல்ல. அங்கிருந்து இலக்கை நோக்கி இன்னொரு கோடு. எறியும்போது இடது கால் அந்தக் கோட்டுக்குச் சற்று இடப்பக்கம், அரை அடிக்கு மிகாமல் முன்னால் விழ வேண்டும். முதல் இரண்டு வாரம் பந்தே இல்லாமல் இதை நாளைக்கு 40 முறை செய்யட்டும். சலிப்பார்கள், விடாதீர்கள். மாவில் பதிந்த தடம் பொய் சொல்லாது, பிள்ளைகளே குனிந்து பார்த்துத் திருத்திக்கொள்வார்கள்.

எறி தவறும்போது கையைப் பார்க்காமல் காலைப் பாருங்கள். பந்து தலைக்கு மேல் பறந்தால் முன்கால் மிக அகலமாக விழுந்திருக்கும், உடல் பின்னால் சாய்ந்திருக்கும். ஓடுபவரின் முதுகுக்குப் பின்னால் விழுந்தால் ஒன்று தாமதம், இல்லையென்றால் முன்கால் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் விழுந்து இடுப்பைப் பூட்டியிருக்கும். காலடியில் குத்தினால் மட்டும் முழங்கை தோளுக்குக் கீழே இறங்கியதா, பந்தை விடத் தாமதமா என்று பாருங்கள். சரியாக விட்டால் ஆள்காட்டி விரல் கடைசியாகப் பிரியும். பிறகு உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்பிக் கட்டைவிரல் கீழ் நோக்கும். எறிகளை எண்ணுங்கள். ஒரு நாளைக்கு 70, 80-க்கு மேல் வளரும் பிள்ளைக்கு வேண்டாம், அடுத்த நாள் தோளுக்கு ஓய்வு கொடுங்கள்.

காற்றைப் பற்றி அமெரிக்கப் பயிற்சிக் குறிப்புகள் பேசும். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அவை அறியா. ஆனி, ஆடியில் பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் சுற்றும் வேகத்தில் மேற்கே பார்த்து எறிந்தால், பந்தின் மூக்கு கொஞ்சம் தூக்கினாலும் காற்று அடியில் புகுந்து பந்தை நிறுத்திவிடும். அந்த மாதங்களில் 10 கெஜத்துக்குள் தாழ்வாக, விறைப்பாகப் போகும் எறிகளையே பழக்குங்கள். நீள எறியை ஐப்பசிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். களத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டால் பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவதால் காற்று இருவருக்கும் பொதுவாகும், ஆனால் மாலை வெயில் ஓர் அணியின் கண்ணில் அடிக்கும். தெற்கு வடக்காகப் போட்டால் வெயில் தொல்லை இல்லை, பந்து பக்கவாட்டில் இழுபடும். பயிற்சிக்கு நாங்கள் சொல்வது தெற்கு வடக்கு. பக்கக் காற்றில் நேராக எறியப் பழகியவருக்கு மற்றதெல்லாம் எளிது.

அடுத்தது கண். பந்து கைக்கு வருமுன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். ஓர் ஆட்டக்காரரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடக்கவிடுங்கள். தடுப்பவர் ஒருவர் கூடவே வந்தால் ஆளுக்கு ஆள் காவல். யாரும் நகராமல் தோளை மட்டும் திருப்பினால் இடத்துக்கு இடம் காவல். ஆழத்தில் நிற்பவர் ஒருவரா இருவரா என்று பாருங்கள். ஒருவர் என்றால் ஓரங்கள் திறந்திருக்கும், இருவர் என்றால் நடுப்பகுதி. பந்து வந்த பிறகு மூன்றாவது அடியில் முதல் ஆளைப் பார். இல்லையா, ஒரு சிறு எம்பு வைத்து இரண்டாம் ஆள். அதுவும் இல்லையென்றால் அருகிலேயே நிற்கும் சென்டருக்குக் கொடு. கண் மாறும்போது காலும் மாற வேண்டும். கண் மட்டும் திரும்பி எறிந்த பந்துகள்தான் அதிகம் பறிபோகின்றன. இன்னொன்று, கொடுக்கப்போகும் ஆளையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது. அதைத் தடுப்பவரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

ஆட்டங்களுக்கு, அதாவது ஒவ்வொரு முயற்சியிலும் யார் எப்படி ஓடுவது என்று வகுத்த திட்டங்களுக்கு, பெயர் வைப்பதில் ஒரு வார்த்தை. எண்கள் வேண்டாம். காற்றில் 'ஏழு' என்றதை 'எட்டு' என்று கேட்டு ஓடுவார்கள். அமெரிக்காவில் வலப்பக்கத்துக்கு 'ரிப்', இடப்பக்கத்துக்கு 'லிஸ்' என்று முதல் எழுத்திலேயே திசையைச் சொல்லும் வழக்கம் உண்டு. நமக்கு மலையும் ஆறும் இருக்கின்றன. வலப்பக்க ஆட்டங்களுக்குச் சென்னிமலை, மருதமலை, சிவன்மலை. இடப்பக்கத்துக்குப் பவானி, நொய்யல், அமராவதி. மலை என்றால் வலம், ஆறு என்றால் இடம், அவ்வளவுதான். முதல் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆட்டம் போதும். அட்டையில் எழுதி மணிக்கட்டில் கட்டிவிடுங்கள். போட்டியின் தொடக்கத்துக்கு எட்டு ஆட்டங்களை முந்தின இரவே வரிசைப்படுத்திப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். சான் பிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ் இப்படி முன்கூட்டியே வரிசை எழுதி வைத்துத் தொடங்குவதில் பெயர் பெற்றவர். பதற்றத்தில் எடுக்கும் முடிவை அமைதியான இரவில் எடுத்து வைப்பதுதான் அதன் பயன்.

இனி அணியின் நடப்பு. எங்களை அதிகம் வருத்துவது இதுதான். பந்து பறிபோனதும் கோட்டோரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் திட்டுவது நம் மைதானங்களில் சர்வ சாதாரணம். வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாக்களும் சேர்ந்துகொள்கிறார்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை எதிராளியைப் பார்ப்பதில்லை, மாஸ்டர் முகத்தைப் பார்க்கிறது. இரண்டு விநாடியில் அரை விநாடி அங்கேயே போய்விட்டது. பந்து பறிபோய் வெளியே வரும் பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என்னத்தைப் பாத்தே கண்ணு?" என்பதுதான். "நடுவால நின்னவனைப் பாக்கலீங்க மாஸ்டர்" என்று பதில் வந்தால் பாதி தவறு அங்கேயே திருந்திவிட்டது. திட்டுக்குப் பயந்த பிள்ளையிடமிருந்து அந்தப் பதில் ஒருநாளும் வராது; "கை வழுக்கிருச்சுங்க" என்றுதான் வரும்.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: முடிவு, கால், எறி. ஒவ்வொரு பந்துக்கும் மூன்றிலும் தனித்தனியே சரி அல்லது தவறு. சரியான ஆளைத் தேர்ந்து, கால் சரியாக ஊன்றி, நன்றாக எறிந்து, பிடிப்பவர் கையில் பட்டுத் தெறித்துப் பறிபோனால் அந்த வரியில் மூன்றும் 'சரி'. மூன்று பேர் நடுவில் குருட்டாம்போக்கில் எறிந்து கோல் கிடைத்தாலும் முடிவுப் பத்தியில் 'தவறு' என்றே எழுதுங்கள். அதை எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். பயிற்சியாளர் பலனைப் பார்த்துப் பேசுகிறாரா, வேலையைப் பார்த்துப் பேசுகிறாரா என்பதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

'அண்ணா' பிரச்சினையும் இருக்கிறது. முதலாண்டு மாணவர் குவார்ட்டர்பேக், மூன்றாமாண்டு அண்ணன் பந்து பிடிப்பவர் என்றால், அண்ணன் தப்பான பாதையில் ஓடினாலும் தம்பி வாயைத் திறப்பதில்லை. பழி தன் தலையில் விழுந்தாலும் சும்மா இருப்பான். மரியாதையை எடுக்க வேண்டாம். "அண்ணா, நொய்யல், அஞ்சு கெஜத்துல திரும்பிருங்க" என்று சொல்லலாம். ஆனால் ஆட்டத்துக்கு முன் கூடி நிற்கும் வட்டத்தில் பேசுவது குவார்ட்டர்பேக் ஒருவர்தான் என்பதை முதல் நாளே பயிற்சியாளர் வாயால் சொல்லிவிட வேண்டும். பதிலுக்கு, பயிற்சி முடிந்து கூம்புகளையும் பட்டைகளையும் பொறுக்கும் வேலையில் குவார்ட்டர்பேக்குக்கு விலக்குக் கிடையாது.

பொறுமைக்கும் கணக்கு உண்டு. அமெரிக்கக் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் 1998-ல் தன் முதல் ஆண்டில் 28 பந்துகளை எதிரணிக்குக் கொடுத்தார். அணி 16 ஆட்டத்தில் வென்றது 3. அவரை உட்கார வைக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே அணி வென்றது 13. வால்ஷின் அணியும் 1979-ல் வென்றது இரண்டே ஆட்டம். 1982 ஜனவரியில் சூப்பர் பவுல் அவர்கள் கையில். இரண்டு ஆட்டம் தோற்றதும் குவார்ட்டர்பேக்கை மாற்றும் நம் கல்லூரிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

செலவு பெரிதல்ல. பனியன் திருப்பூரிலேயே தைத்துக்கொள்ளலாம். இடுப்புக்குள் சொருகும் நீளம் வேண்டும், பட்டையை மறைக்கக் கூடாது. கால்சட்டையில் பை வைக்கவே கூடாது, பட்டையை உருவப் போகும் விரல் அதில் மாட்டி முறியும். பட்டையின் நிறம் கால்சட்டை நிறத்தோடு ஒட்டாமல் இருக்கட்டும். கபடி ஆடிய பிள்ளைகளுக்கு முதல் மாதம் கை தானாக இடுப்பைச் சுற்றும். முகத்தைப் பார்க்காமல் பட்டையைப் பார்க்கச் சொல்லிப் பழக்குங்கள். களத்துக்குத் தனி இடமும் வேண்டாம். சர்வதேச அளவிலான கால்பந்து மைதானத்தின் அகலம் 64 மீட்டருக்குக் குறையாது, நமக்கு வேண்டிய நீளமும் அதுவே. குறுக்கே போட்டால் ஒரே மைதானத்தில் மூன்று களம் அமையும்.

இப்படிக்கு,
உடற்கல்விப் பயிற்றுநர்கள் இருவர்,
பல்லடம்.