பேரங்காடி ஒயின் அடுக்கில் சுவையையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரப் பேரங்காடியில் சிவப்பு ஒயினுக்கென்றே ஒரு முழு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் கீழே விலை, தள்ளுபடி, இரண்டு எடுத்தால் எவ்வளவு என்று அட்டை தொங்குகிறது. குடிக்க எப்படி இருக்கும் என்று மட்டும் ஒரு வரி கிடையாது. பதக்கம் ஒட்டிய பாட்டிலாகப் பார்த்து எடுத்துப்போய், வீட்டில் ஒரு வாய் குடித்துவிட்டு, ‘சிவப்பு ஒயினே நமக்கு ஒத்துவராது’ என்று ஒதுக்கிவிடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மருமகள் சீனர். சம்பந்தி வீட்டார் சாப்பிட வரும்போது ஒரு பாட்டில் திறப்பது எங்கள் வீட்டில் பழக்கம். மேசையில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் இருக்கும், மீன் குழம்பு இருக்கும், காரமும் இருக்கும். அதற்கு நடுவே சிரமமில்லாமல் குடிக்க ஒரு ஒயின் வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு முதலில் பார்க்க வேண்டியது துவர்ப்பு. ரொம்ப நேரம் ஊறிய தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) ஈறில் பிடிப்பது போல் சில ஒயின்கள் பிடிக்கும். திராட்சையின் தோல், விதை, காம்பிலிருந்து வருவது அது. ஓக் பீப்பாயும் தன் பங்குக்குச் சேர்க்கும். கேபர்னே சாவின்யோன் திராட்சைக்குத் தோல் தடிமன். நம் அடுக்குகளில் அதுவும் ஆஸ்திரேலிய ஷிராஸும்தான் அதிகம். புதிதாகக் குடிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் இவற்றில் ஒன்றுதான் கையில் வரும். பினோ நுவாருக்குத் தோல் மெல்லியது, நிறமும் துவர்ப்பும் குறைவு. ஸ்பெயினின் கர்னாச்சா, இத்தாலியின் வால்போலிசெல்லா, சிலியின் மெர்லோ எல்லாமே கேபர்னேயைவிட மென்மையானவை.

எனக்கு மிகவும் பிடித்தது பிரான்சின் போஜொலே. கமே என்ற திராட்சை. பழத்தை நசுக்காமல் கொத்துக் கொத்தாகவே தொட்டியில் போட்டு, கரியமில வாயு சூழ்ந்த நிலையில் நொதிக்க விடுவது அந்த ஊரின் பழக்கம். தோலிலிருந்து துவர்ப்பு அதிகம் இறங்குவதற்குள் பழத்தின் மணம் வந்துவிடுகிறது. சம்பந்தியம்மா வழக்கமாக ஒயின் பக்கமே வராதவர். இதை மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்பார்.

பின்பக்கச் சீட்டில் மதுச் சதவீதத்தையும் பாருங்கள். 14.5 என்று போட்டிருந்தால் மிளகாய்க் காரத்தோடு சேர்ந்து தொண்டை எரியும். நான் 12.5, 13க்கு மேல் போவதில்லை. ‘ரிசர்வ்’ என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். ஸ்பெயினில் ‘ரெசெர்வா’ என்றால் இத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அந்தச் சொல்லுக்கு அப்படி எந்தச் சட்ட வரையறையும் இல்லை. திருகு மூடி என்றால் மட்டம் என்ற எண்ணமும் வேண்டாம். நியூசிலாந்தில் நல்ல ஒயினுக்கே அதைத்தான் போடுகிறார்கள்.

விலையைப் பற்றி ஒன்று. சிங்கப்பூரில் ஒயினுக்குத் தீர்வை விலையைப் பொறுத்து வருவதில்லை. உள்ளே இருக்கும் மதுவின் அளவைப் பொறுத்தது, தூய மது ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி. 13.5 சதவீதமுள்ள 750 மில்லிலிட்டர் பாட்டிலுக்கு 8 வெள்ளி 91 காசு ஆகிறது. 20 வெள்ளி பாட்டிலில் இந்தத் தீர்வையும் 9 சதவீதப் பொருள், சேவை வரியும் போனால் மிச்சம் ஒன்பதரை வெள்ளிகூட இல்லை. அதற்குள்தான் திராட்சை, கண்ணாடி, கப்பல் கூலி, கடை லாபம் எல்லாம். 30 வெள்ளி பாட்டிலில் அதே கணக்கில் பதினெட்டரை வெள்ளிக்கு மேல் நிற்கிறது. பத்து வெள்ளி கூடப் போட்டால் ஒயினுக்கென்று போகும் பணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாதம் இரண்டு மலிவு பாட்டில் வாங்குகிறவர்கள் ஒன்றே ஒன்று, நல்லதாக வாங்கலாம். உடம்புக்கும் அதுதான் சரி.

வாங்கி வந்ததும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் குளிர் வீடுகளில் பிறந்த பேச்சு; அங்கே அறை என்றால் 16, 18 டிகிரி. நம் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மத்தியானம் 30 டிகிரி. அந்தச் சூட்டில் மதுவின் நெடிதான் முன்னால் வந்து நிற்கும். மீந்ததை மூடி அதே குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

இவ்வளவையும் வாங்குபவர்தான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டுமா? பிரிட்டனில் சிவப்பு ஒயினுக்கு ஏ முதல் ஈ வரை எழுத்துப் போட்டு, எது இலேசு, எது கனம் என்று அடையாளம் காட்டும் முறை உண்டு. இங்கே விலை அட்டையில் அப்படி ஓர் எழுத்தோ, ‘துவர்ப்பு குறைவு’ என்று இரண்டு சொல்லோ அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? நான்கு மொழியிலும் போடட்டும். பேரங்காடி நிர்வாகத்தினர் இதைச் செய்ய வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கூடவே, தள்ளுபடி பாட்டில்களைக் கடை வாசலில் வெயில் படும் இடத்தில் அடுக்குவதையும் நிறுத்த வேண்டும். சூட்டில் கிடந்த ஒயினை எந்த அட்டையாலும் காப்பாற்ற முடியாது.

இப்படிக்கு,
வாசகி, அங் மோ கியோ