கடல்மீனின் குடலை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில், கடல்மீன் குடல் வழியாக நீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பைத் தடுத்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். திருகோணமலையில் நீண்ட காலம் உயர்தர உயிரியல் படிப்பித்தவன் நான். விடைத்தாள்களில் இதே பிழையைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

கடல்நீரின் செறிவு மீனின் குருதியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பாரையோ விளைமீனோ, அதன் உடம்பிலிருந்து நீர் ஓயாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும். ஈடுசெய்யக் கடல்நீரையே குடிக்கிறது. இதை 1930 இல் அமெரிக்க உடற்றொழிலியலாளர் ஹோமர் சிமித் எடுத்துக்காட்டினார். ஆனால் நீரைத் தனியே இழுத்தெடுக்கும் வல்லமை குடலுக்கு இல்லை. உப்பை உள்ளே எடுத்தால்தான் நீர் அதன் பின்னால் வரும். மாணவர்கள் இடறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் களத்திலேயே, அதாவது உணவுக்குழாயிலேயே, உப்பில் பெரும்பங்கு உறிஞ்சப்பட்டு, நீர் செறிவு குறைந்துதான் குடலுக்கு வருகிறது. அங்கே குடலின் உட்சுவரை மூடியிருக்கும் மேலணிக் கலங்களின் (உயிரணுக்களின்) உட்குழிப் பக்கத்தில், அதாவது குடல்நீரைத் தொடும் பக்கத்தில் உள்ள புரதமொன்று ஒரு சோடியம், ஒரு பொற்றாசியம், இரண்டு குளோரைட்டு அயன்களை ஒன்றாக உள்ளே கொண்டுவருகிறது. குருதிப் பக்கத்திலுள்ள, பம்பி எனப்படும் இன்னொரு புரதம் சக்தியைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கிறது. அந்தப் பம்பி நின்றால் எல்லாமே நின்றுவிடும். இப்படிச் சேரும் மிகை உப்பைத்தான் மீனின் பூக்கள் (செவுள்கள்) கடைசியில் கடலுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மகனீசியமும் சல்பேற்றும் பெரும்பாலும் குடலிலேயே தங்கி மலத்தோடு போய்விடும்.

இன்னொன்று. குளோரைட்டை எடுக்கும்போது குடல் இருகாபனேற்றை விடுகிறது. அது கல்சியத்தோடு சேர்ந்து வெண்ணிறக் கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. படிந்தது கரைசலில் இல்லாததால் குடல்நீரின் செறிவு இறங்கி, மேலும் நீர் குருதிக்குள் போகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு! கடலில் உண்டாகும் காபனேற்றில் 3 முதல் 15 சதவீதம் மீன்களிடமிருந்தே வருகிறது என 2009 இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

கொட்டியாரக் குடாவில் மகாவலி கடலோடு சேருமிடத்தை அறிந்த எங்கள் பிள்ளைகளுக்கு உப்புநீரும் நன்னீரும் புதிதல்ல. வீட்டில் மீன் வெட்டும்போது குடலையும் அவர்கள் பார்த்தவர்கள்தான். உங்கள் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டும் மாணவர்கள் பலர். ஆகவே அடுத்த ஞாயிறு, குடற்கலமொன்றின் படத்தோடு, திருத்தத்தை அதே பக்கத்தில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை