மகளுக்கு: உன் மஃப்ளர் ஏன் சுருள்கிறது

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். ஸ்காட்லாந்தின் அபர்தீனிலிருந்து நீ அனுப்பிய புகைப்படத்தை உன் அப்பாவும் நானும் பெரிதாக்கிப் பார்த்தோம். முதன்முதலாகப் பின்னிய மஃப்ளரின் இரண்டு ஓரங்களும் உள்பக்கம் சுருண்டுகொள்கின்றன, இஸ்திரி போட்டாலும் மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது, என் கைதான் சரியில்லையோ என்று எழுதியிருந்தாய். உன் கை நன்றாகவே ஓடியிருக்கிறது. கண்ணிகள், அதாவது ஊசியில் விழுகிற நூல் வளையங்கள், எல்லாம் ஒரே அளவில் விழுந்திருக்கின்றன. கோளாறு நீ தேர்ந்தெடுத்த பின்னலில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அடுத்து ஸ்வெட்டர் பின்னப் போவதாகவும், அதற்கு எந்தச் செயலி நல்லது என்றும் கேட்டிருக்கிறாயே, அதற்கு இரண்டு வரி போதாது.

உன் மஃப்ளரின் முன்பக்கம் முழுவதும் நிட், அதாவது தட்டையாகத் தெரியும் கண்ணி; பின்பக்கம் முழுவதும் பர்ல், அதாவது மேடாகத் தெரியும் கண்ணி. வளைத்துப் போட்ட நூல் எப்போதும் நிமிரவே பார்க்கும். எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் முகம் பார்த்து நிற்கும்போது, அவை நிமிரப் பார்ப்பதும் ஒரே திசையில்தான். அதனால் பக்க ஓரங்கள் பின்னாலும், மேல் கீழ் ஓரங்கள் முன்னாலும் சுருளும். அப்பாவின் பழைய பனியனைக் கரித்துணிக்காகக் கத்தரித்தபோது, வெட்டிய ஓரம் உடனே சுருண்டதைப் பார்த்திருப்பாய். திருப்பூரில் இயந்திரம் பின்னுவதும் நீ ஊசியில் பின்னியதும் ஒரே பின்னல்தான். நூலின் பருமன் மட்டும் வேறு. பனியனின் ஓரத்தை மடித்துத் தைத்துவிடுகிறார்கள். மஃப்ளருக்கு அப்படிச் செய்ய முடியாது. ஆகவே இரண்டு பக்கமும் ஐந்தாறு கண்ணிகளை எல்லா வரிசையிலும் நிட்டாகவே போட்டுக் கரை கட்ட வேண்டும். அல்லது துண்டு முழுவதையும் இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப்பாகப் பின்ன வேண்டும். ரிப்பில் முன்னும் பின்னும் இழுப்பு சமமாகிவிடுவதால் துணி தட்டையாகக் கிடக்கும். இஸ்திரியை மட்டும் இனி தொடாதே. நீ வாங்கியிருப்பது அக்ரிலிக் நூலாக இருந்தால், சூடான பெட்டி பட்ட இடத்தில் இழை துவண்டு போகும். போன துள்ளல் திரும்பி வராது.

இந்தக் காரணத்தை எனக்கு யாரும் புத்தகத்திலிருந்து சொல்லித் தரவில்லை. உன் ஆச்சி இடையன்குடிக்காரி என்பது உனக்குத் தெரியும். கால்டுவெல் ஐயர் 1841-இல் அந்தத் தேரிக்காட்டு ஊருக்கு வந்தார். 1844-இல் அவர் மணந்துகொண்ட எலைசா அம்மையார், நாகர்கோவிலில் லேஸ் பின்னலைத் தொடங்கிவைத்த மால்ட் தம்பதியின் மகள். அந்தப் பெண்மணி வழியாகத்தான் லேஸ் வேலை இடையன்குடிக்கு வந்தது. ஆச்சி அந்த வழியில் வந்த கை. திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் மாற்றிப் போடுகிற அந்த வேலையில், ஒரு கட்டை இடம் மாறினாலும் பூ கலைந்துவிடும். இரண்டு ஊசிப் பின்னலை ஆச்சி பிற்பாடுதான் கற்றுக்கொண்டாள். எனக்குச் சொல்லித் தரும்போது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லுவாள்: "ஏட்டி, ஊசிய என்னத்துக்குப் பாக்க? கண்ணியப் பாரு." நான் இத்தனை வயதுக்கு மேல் கைப்பேசியையும் டேப்லெட்டையும் வைத்துக்கொண்டு பின்னுகிறேன் என்றாலும், என் பின்னலை ஓட்டிக்கொண்டு போவது இந்த ஒரு பழக்கம்தான்.

கண்ணியைப் பார்ப்பது எப்படி என்று கேட்பாய். ஊசிக்குக் கீழே உடனடியாக இருக்கிற வரிசையைப் பார். ஆங்கில 'வி' எழுத்தைப் போல இரு கால்கள் சேர்ந்து நின்றால் அது நிட்; கழுத்துக்குக் குறுக்கே ஒரு கட்டு மேடாகத் தெரிந்தால் பர்ல். இவ்வளவுதான் அரிச்சுவடி. இதைத் தெரிந்துகொண்டால், பின்னிக்கொண்டிருக்கும்போது வாசலில் கீரைக்காரி குரல் கொடுத்து நீ எழுந்து போய்வந்தாலும், எங்கே விட்டோம் என்று எந்தச் செயலியையும் கேட்க வேண்டியதில்லை, துணியே சொல்லிவிடும். கண்ணி ஒன்று நழுவிக் கீழே இறங்கிவிட்டால் பதறாதே. நழுவிய இடத்தில் ஏணிப்படி போலக் குறுக்கிழைகள் தெரியும். கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியைக் கடைசியாகத் தங்கி நிற்கிற கண்ணிக்குள் முன்பக்கமாக நுழைத்து, அதற்கு நேர் மேலே உள்ள குறுக்கிழையைப் பிடித்து உள்ளே இழு. ஒரு படி ஏறிவிட்டாய். அப்படியே ஒவ்வொரு படியாக மேலே கொண்டுவந்து ஊசியில் மாட்டிவிட்டால் நழுவியதற்கு அடையாளமே இராது. படிகளில் ஒன்றைத் தாண்டிவிட்டால் மட்டும் பின்பக்கம் ஓர் இழை தொங்கும். அதையும் கண்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசை எண்ணுகிற செயலி ஒன்றை நானும் வைத்திருக்கிறேன். ஸ்வெட்டரின் கையைப் பின்னி இறக்குகிறபோது, ஆறு வரிசைக்கு ஒருமுறை இரு கண்ணி குறைக்க வேண்டிய கட்டங்களில், அது பெரிய உதவி. பின்னல் மாதிரிகளைத் தேட 2007-இல் தொடங்கப்பட்ட ரேவல்ரி தளத்தைப் பயன்படுத்துகிறேன்; நூலின் பருமன், ஊசி அளவு, கையிருப்பில் உள்ள நூலின் நீளம் என்று கொடுத்துத் தேடினால் அதற்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துத் தரும். கட்டப்படத்தை டேப்லெட்டில் பெரிதாக்கி, பின்னுகிற வரிசைக்கு மட்டும் மஞ்சள் பூசிக்கொள்கிறேன். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அச்சுத்தாளைவிட அது தோது. புரியாத இடத்தில் வீடியோவைப் பாதி வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். நீ இடக்கைக்காரி என்பதால், வீடியோவைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக்கொள். அல்லது வீடியோ அழைப்பில் எனக்கு எதிரே உட்கார்ந்து, என் கை போகிற பக்கமே உன் கையையும் கொண்டுபோ.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்படுவது கைப்பேசியின் கேமராதான். இரண்டு நிறம் சேர்த்துப் பின்னுவதற்கு முன், நூல்பந்துகளை அருகருகே வைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பார். மயில்நீலமும் அரக்குச் சிவப்பும் கண்ணுக்கு ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் நிற்பதாகத் தோன்றும். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாக விழுந்தால், பின்னிய பிறகு பூவும் தெரியாது, தளமும் தெரியாது.

ஆனால் திரையில் காண்பதையெல்லாம் நம்பவும் கூடாது. செயற்கை நுண்ணறிவில் செய்த படங்களைப் போட்டு மாதிரி விற்கிறார்கள். பார்க்க அள்ளிக்கொண்டு போகும். பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணி ஒன்று எங்கும் தொடங்காமல் பக்கத்துக் கண்ணிக்குள் கரைந்து போயிருக்கும். அப்படி எந்த ஊசியாலும் பின்ன முடியாது. அந்த நுண்ணறிவையே குழந்தைத் தொப்பி ஒன்றுக்கு மாதிரி எழுதித் தரச் சொன்னேன். நல்ல மரியாதையான மொழியில் எழுதித் தந்தது. 80 கண்ணியில் தொடங்கி, குறைக்கச் சொன்ன இடங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் உச்சியில் மிஞ்ச வேண்டியதாக அது சொன்ன எண்ணிக்கை வரவில்லை. எழுதியதை அது பின்னிப் பார்த்ததில்லை அல்லவா?

ஊசி எண்ணிலும் கவனம் தேவை. என்னிடம் இருக்கிற பழைய ஊசிகள் ஆங்கிலேயக் கணக்கு. எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்கக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி பருக்கும். பத்தாம் எண் என்றால் முன்னதில் 3.25 மில்லிமீட்டர், பின்னதில் 6 மில்லிமீட்டர். ஆகையால் எண்ணை விட்டுவிடு. மில்லிமீட்டரை மட்டும் பார்த்து வாங்கு.

ஸ்வெட்டருக்கு முன், கண்ணி எண்ணிப் பார்க்க அளவுத் துண்டு ஒன்று பின்னியே ஆக வேண்டும். இதைச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் முகத்தைச் சுளிக்கிறார்கள், நூல் வீண், நேரம் வீண் என்கிறார்கள். கணக்கைக் கேள். மாதிரியில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று போட்டிருக்கிறது. உனக்கு 100 சென்டிமீட்டர் சுற்றளவு வேண்டும். 220 கண்ணி ஏற்றுகிறாய். உன் கை சற்றே தளர்ந்து 20 கண்ணி விழுந்தால் அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டராகத் தொங்கும். கை இறுகி 24 விழுந்தால் 92 சென்டிமீட்டர் கூட வராது. மூன்று கைகளுக்கும் ஒரே மாதிரி, ஒரே நூல், ஒரே ஊசி. அளவுத் துண்டைத் துவைத்து உலர்த்தின பிறகு, ஓரத்தை விட்டு நடுவில் அளக்க வேண்டும். கம்பளி நூல் தண்ணீர் பட்டபின் தன் குணத்தைக் காட்டும்.

இந்த வெயிலூரில் இருந்துகொண்டு அம்மா யாருக்காகக் கம்பளி பின்னுகிறாள் என்று உன் சிநேகிதிகள் சிரித்ததாக முன்பு சொன்னாய். சிரிக்கட்டும். கத்திரி வெயிலில் நான் கம்பளியைத் தொடுவதில்லை. விரல் வியர்த்து நூல் ஊசியில் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களில் எஃகு ஊசியும் பருத்தி நூலும்தான். பிரசவ வார்டுக்குக் கொடுக்கிற தொப்பிகள் எல்லாம் அப்போது பின்னியவை. பிறந்த குழந்தைக்குத் தலை வழியாகத்தான் சூடு மளமளவென்று இறங்கும் என்பதால் அவற்றுக்கு எந்தப் பருவத்திலும் தேவை உண்டு. ஆனியில் குற்றாலத்துச் சாரல் காற்று இங்கே வரைக்கும் எட்டும்போது கம்பளி மூட்டையை அவிழ்ப்பேன். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு நம் சபையில் பாதிப்பேர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவதை நீயும் பார்த்திருக்கிறாய். குளிரைவிட அழகுக்காகத்தான், இருந்தாலும் பின்னுகிறவளுக்கு அது போதும். நூல்பந்து உருளாமல் இருக்க இப்போதும் ஆச்சியின் ஓலைக்கொட்டான்தான்.

உனக்கென்று ஒரு ஸ்வெட்டர் தொடங்கியிருக்கிறேன். தோளைச் சுற்றி ஃபேர் ஐல் என்கிற பல நிறப் பின்னலில் பூ வரும். அந்த வேலைப்பாடு பிறந்த ஷெட்லாந்து தீவுகளுக்கு உன் ஊர்த் துறைமுகத்திலிருந்தே கப்பல் போகிறது; விடுமுறையில் ஒருமுறை போய், அங்கே பழைய துணிகளின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வா. முன்பக்கத்தில் எத்தனை நிறம் விளையாடினாலும், ஒரு வரிசையில் ஓடுவது பெரும்பாலும் இரண்டே நிறம். வேலை இல்லாத நிறம் பின்னால் தளர்வாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டத்தை இறுக்கினால் முன்பக்கம் சுருங்கும், நீளமாக விட்டால் போடும்போது விரல் மாட்டும்.

இந்த நூலிலும் ஒரு தகராறு. இணையக் கடை ஒன்று, ஒரே சாய எண், அதாவது ஒரே தடவையில் சாயம் தோய்த்த நூல், வேண்டும் என்று நான் குறிப்பு எழுதியும், எட்டுப் பந்தில் மூன்றை வேறு எண்ணில் அனுப்பிவிட்டது. மாற்றித் தரக் கேட்டதற்குப் பதிலே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. முற்றத்து வெளிச்சத்தில் ஒன்று மற்றதைவிட ஒரு மாற்றுக் குறைவு. ஆகவே இரண்டு எண்களிலிருந்தும் பந்து எடுத்து, இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னுகிறேன். வேலை கூடும், ஆனால் கோடு விழாமல் நிறம் கலந்துவிடும். பின்னி முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டிப் பிழிந்து, பத்தமடைப் பாயில் அளவுக்கு விரித்துக் குண்டூசி குத்தி, விசிறிக்கு அடியில் காயவைப்பேன். நீயும் வெந்நீரில் போட்டு அலசிவிடாதே; கம்பளி கெட்டித்துக் குழந்தைச் சட்டையாகிவிடும்.

கழுத்துவரை வந்துவிட்டது, கைகள் பாக்கி. உடம்பில் நாடா சுற்றி அளந்து அனுப்பாதே. உனக்குப் பிடித்தமாக இருக்கிற ஸ்வெட்டர் ஒன்றைத் தரையில் பரப்பி, அக்குளிலிருந்து அக்குள் வரை, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை, மேல்கையின் அகலம் ஆகிய மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து, நாடா தெரியும்படி படம் எடுத்து அனுப்பு. ஞாயிறு மாலை ஆராதனைக்குப் போகுமுன் அழைக்கிறேன்; அப்போது அங்கே நண்பகலாக இருக்கும். 4 மில்லிமீட்டர் ஊசியில் 30 கண்ணி ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார். ரிப் போடலாம்.

அன்புடன்,
அம்மா