சொந்தப் பாட்டுக்கும் மேடையில் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் திருகோணமலையின் கடற்கரைக் கிராமம் ஒன்றில் நடந்த கலைவிழாவில், தானே எழுதி மெட்டமைத்த பாட்டைக் கிற்றாருடன் பாடத் தொடங்கிய ஓர் இளம்பெண், இரண்டாவது சரணத்தை எட்டுவதற்குள் நிறுத்தப்பட்டார். கிழமைதோறும் நுண்கடன் தவணை கேட்டு வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதுமே, கொதிக்கும் உலையை அப்படியே விட்டுவிட்டுப் பின்வளவுக்குள் ஒளிந்துகொள்ளும் தாயைப் பற்றியது அந்தப் பாட்டு. "விழாவிலே அழுகைப் பாட்டு வேண்டாம், சினிமாப் பாட்டு ஏதும் தெரிந்தால் பாடும் பிள்ளை" என்று ஏற்பாட்டாளர் ஒருவர் மேடையோரம் வந்து சொன்னார். பிள்ளை மறுபேச்சின்றிக் கிற்றாரை உறையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். முன்வரிசையில் மடியில் குழந்தைகளுடன் இருந்த பெண்கள் அதுவரை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பல ஆண்டுகள் சங்கீதம் கற்பித்த நானும் எழுந்து ஒரு சொல் சொல்லவில்லை என்பது இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

அன்றிரவு வீடு திரும்பி நான் தேடி எடுத்துக் கேட்டது, அமெரிக்கப் பாடகி ட்ரேசி சப்மனின் முதலாவது இசைத்தொகுப்பை. அவருடைய பெயரையே தலைப்பாகக் கொண்டு 1988 ஏப்ரலில் வெளிவந்த அத்தொகுப்பில் 11 பாடல்கள் உள்ளன. அனைத்தும் அவரே எழுதியவை. ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் தாயின் உழைப்பில் வளர்ந்து, புலமைப்பரிசில் பெற்றுப் படித்து, பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பயின்ற காலத்தில் தெருவோரத்தில் கிற்றாருடன் நின்று பாடிய கறுப்பினப் பெண் அவர். தொகுப்பு வெளிவந்தபோது அவருக்கு வயது 24.

அதில் ஒரு பாட்டுக்கு எந்த வாத்தியமும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிபடும் சத்தம் இரவில் சுவரைத் தாண்டி வருகிறது, கேட்டுக்கொண்டிருப்பவளுக்குத் தூக்கமில்லை. பொலிஸை அழைத்தாலும் நேரம் கடந்துதான் வருவார்கள், வந்தாலும் புருஷன் பெண்சாதி விஷயத்தில் தலையிட முடியாது என்பார்கள் என்று அவள் பாடுகிறாள். சுருதிக்குக்கூட ஒரு தந்தி ஒலிக்காத அந்த வெறுமையில் குரல் மட்டும் தனித்து நிற்கிறது. எங்கள் ஊரில் கிடுகு வேலிக்கு அப்பால் கேட்ட அலறல்களும், மறுநாள் காலையில் கிணற்றடியில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்காமல் தண்ணீர் அள்ளிப் போனதும் எனக்கு நினைவுக்கு வந்தன. தொகுப்பின் மிகப் புகழ்பெற்ற பாட்டோ, குடிகாரத் தந்தையைப் பராமரிப்பதற்காகப் படிப்பை விட்ட ஒரு பெண்ணின் கதை. காதலனின் காரில் ஏறி ஊரை விட்டுப் போய்க் கடையில் வேலை பார்க்கும் அவள், கடைசியில் அவனும் தந்தையைப் போலவே குடியில் விழுவதைக் காண்கிறாள். கடன், குடி, பாதியில் நின்ற படிப்பு ஆகிய மூன்றும் சந்திக்கும் வீடுகள் எங்கள் மாவட்டத்திலும் உண்டு. அந்த வீடுகளுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை பாட வந்தால் நாங்கள் அவளை மேடையிலிருந்து இறக்கி விடுகிறோம்.

இத்தகைய பாட்டைச் சனம் விரும்பாது என்று அந்த ஏற்பாட்டாளர் எண்ணியிருக்கலாம். ஆனால் 1988 ஜூன் 11 அன்று, அப்போது சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளை முன்னிட்டு இலண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த நிகழ்ச்சியில், அடுத்துப் பாடவிருந்த பாடகர் ஸ்டீவி வொண்டரின் இசைக்கருவிக்குரிய கணினி வன்தட்டு காணாமற்போக, அந்த இடைவெளியை நிரப்ப ஏற்கெனவே பாடி முடித்திருந்த சப்மனை மீண்டும் மேடைக்கு அனுப்பினார்கள். அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன் அவர் கிற்றாருடன் தனியே நின்று பாடினார். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் அவருடைய தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை எட்டியது. 1989இல் 3 கிராமி விருதுகள் கிடைத்தன. கார் பாட்டை வெள்ளையினப் பாடகர் ஒருவர் மீண்டும் பாடியதையடுத்து, 2023இல் அது அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசைச் சங்கத்தின் சிறந்த பாடல் விருதையும் பெற்றது. அந்த விருதைப் பெற்ற முதலாவது கறுப்பினப் பாடலாசிரியர் சப்மனே. 35 ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பாட்டைக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள்.

துன்பத்தைப் பாடுவது எங்களுக்குப் புதியதும் அன்று. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டில் தோளின் நோவு இருக்கிறது. ஒப்பாரியில், இறந்தவரைப் பாடுகிற சாக்கில் உயிரோடிருக்கும் உறவினரையே குறை சொல்லிவிடும் துணிவு இருக்கிறது. அவற்றைப் பாடியவர்களை எவரும் இடையில் நிறுத்தியதில்லை.

ஆகவே மாவட்டத்தில் கலைவிழாக்களையும் கோயில் திருவிழா இசை நிகழ்ச்சிகளையும் நடத்துவோரிடம், ஒவ்வொரு மேடையிலும் 15 நிமிடங்களையாவது சொந்தமாக எழுதிப் பாடுவோருக்கு ஒதுக்குமாறும், அவர்கள் எதைப் பற்றிப் பாட வேண்டும் என்று நிபந்தனை விதிக்காதிருக்குமாறும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வாரமலரிலும் இத்தகைய பாடல்களை எழுதியவரின் பெயருடன் வெளியிட ஒரு பத்தி ஒதுக்கினால், அந்தப் பிள்ளையின் பாட்டை முழுமையாகப் பெற்று, அவருடைய சம்மதத்துடன் நானே அனுப்பி வைப்பேன். இரண்டாவது சரணம் என்னவென்று எனக்கும் இன்னும் தெரியாது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.